ஏழாவது அணைக்கு முன்னால்

2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று பெயர்ந்துபோனது. நிரம்பி நின்ற அணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி தண்ணீர் சீறி வெளியேறியது. நீர்மட்டம் மதகின் அடிவரை இறங்குவதற்குள் சுமார் 6 டிஎம்சி போய்விட்டது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் டீக்கடையிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை அன்றைக்கு ஒரே பேச்சு: ஆறு டிஎம்சி வீணாகப் போச்சு. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் சாலக்குடியில், ஆற்றோரத்து மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை போனது. இழந்தவர்கள் நாங்கள், பயந்தவர்கள் அவர்கள். அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போனது என்பதை மட்டும் இரண்டு பக்கமும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அணை கட்டுவதற்கு முன்பு எந்தப் பள்ளத்தில் இறங்கி ஓடியதோ, அதே பள்ளத்தில்தான் ஓடியது. சாலக்குடி ஆற்றின் பழைய தடம் அது.

அணையா, காட்டாறா என்ற சண்டை நம் நாட்டில் அடிக்கடி வருகிறது. ஒரு பக்கம் வளர்ச்சி, மறுபக்கம் இயற்கை என்று கட்சி பிரித்துக்கொண்டு நிற்பதற்கு வசதியான சண்டை. ஆனைமலையில் அந்த வசதி கிடையாது. இங்கே கைபடாத ஆறு என்று ஒன்று மிச்சமில்லை. பல முறை பேரம் பேசப்பட்ட ஓர் ஆற்றில் கடைசியாக மிஞ்சியிருக்கும் சில கிலோமீட்டர்களுக்கான வழக்கு இது. கொங்கு நாட்டில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் (பிஏபி) தண்ணீர் பாயும் ஊர்களில் வாழ்கிற எங்களுக்கு இந்த வழக்கில் வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை. பேரத்தில் பெரும்பங்கு வாங்கியவர்கள் நாங்கள்.

சாலக்குடி ஆறு பெரிய ஆறு ஒன்றும் இல்லை. மொத்த நீளம் 145 கிலோமீட்டர். நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 1,704 சதுர கிலோமீட்டர். அதில் 300 தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. வால்பாறை மலைகளிலிருந்து இறங்கும் சோலையாறு, பரம்பிக்குளம் ஆறு, குரியார்குட்டி, காரப்பாறை ஆறுகள் எல்லாம் காட்டுக்குள்ளேயே ஒன்றுகூடி, வாழச்சாலைத் தாண்டி அதிரப்பள்ளியில் அருவியாக விழுந்து, சமவெளியில் பெரியாற்றோடு சேர்கின்றன. அதிரப்பள்ளியைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'புன்னகை மன்னன்' வந்த 1986 முதல் நம் ஆட்களுக்கு அது சொந்த அருவி மாதிரி. மளுக்கப்பாறை வழியாக வால்பாறையிலிருந்து இறங்கும் சாலையில் விடுமுறை நாட்களில் பாதி வண்டி தமிழ்நாட்டுப் பதிவெண்தான்.

இந்த ஆற்றிலும் கிளைகளிலும் ஏற்கெனவே ஆறு அணைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய நான்கும் பிஏபி திட்டத்தில் வருபவை. கேரளச் சோலையாறும் பெரிங்கல்குத்தும் கேரள மின்வாரியத்தின் கையில். அதற்கும் கீழே தும்பூர்முழியில் ஒரு தடுப்பணை, அதிலிருந்து வலதும் இடதுமாகப் பாசனக் கால்வாய்கள். இத்தனைக்கும் இடையில், பெரிங்கல்குத்துக்குக் கீழே வாழச்சால், அதிரப்பள்ளி வழியாக ஆறு ஆறாகவே ஓடுகிற ஒரு துண்டு இருக்கிறது. அந்தத் துண்டில்தான் ஏழாவது அணை கட்டக் கேரள மின்வாரியம் நாற்பது ஆண்டுகளாக முயன்று வந்திருக்கிறது.

அணைகளைத் திட்டுவதற்கு முன் நன்றி சொல்லிவிட வேண்டும். 1961 அக்டோபர் 7 அன்று நேரு தொடங்கிவைத்த பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் இல்லையென்றால் இன்றைய பொள்ளாச்சி இல்லை, உடுமலை இல்லை, காங்கயத்து மேட்டுக்காடுகளில் இவ்வளவு பச்சை இல்லை. காமராஜர் ஆட்சியில், சி.சுப்பிரமணியமும் வி.கே.பழனிசாமிக் கவுண்டரும் பொள்ளாச்சி நா.மகாலிங்கமும் ஊன்றி நின்று கொண்டுவந்த திட்டம். மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். சோலையாற்றிலிருந்து பரம்பிக்குளம், பரம்பிக்குளத்திலிருந்து தூணக்கடவு, அங்கிருந்து சர்க்கார்பதி மின்நிலையம், பிறகு மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய், முடிவில் திருமூர்த்தி அணை. இந்தக் கட்டுமானத்தை நேரில் பார்த்த எவரும் அந்தக் காலத்து இன்ஜினியர்களைக் கும்பிடாமல் திரும்ப மாட்டார்கள். சுமார் 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு இதை நம்பி இருக்கிறது.

ஆனால் அந்த ஆயக்கட்டு எப்படிப் பாய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலம் முழுவதையும் நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் வந்தால், அடுத்து அதே மண்டலத்தின் முறை வர இரண்டு ஆண்டுகள் ஆகும். அந்த முறையிலும் எத்தனை சுற்று என்பது மழையைப் பொறுத்தது. கடைமடையான வெள்ளக்கோவில், காங்கயம் விவசாயிகள் தங்கள் பங்குக்காக உண்ணாவிரதம் இருப்பது எங்கள் ஊர்ப் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன செய்தி. திட்டம் தொடங்கியபோது இருந்ததைவிட ஆயக்கட்டை விரித்துக்கொண்டே போனோம், தண்ணீர் விரியவில்லை. அணை ஒரு தேவையைத் தீர்க்கிற வேகத்தில் இன்னொரு தேவையை உண்டாக்கிவிடுகிறது.

இனி அந்தப் பக்கத்துக் கணக்கு. பரம்பிக்குளம், பெரிங்கல்குத்து, சோலையாறு என்று ஒவ்வொரு அணை எழும்பியபோதும் இடம் மாற்றப்பட்டவர்கள் காடர்கள். ஆனைமலையின் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினர். கேரளத்தில் அவர்கள் எண்ணிக்கை இரண்டாயிரத்தை ஒட்டித்தான். தமிழ்நாட்டுப் பக்கமும் சில குடியிருப்புகள் உண்டு. அணைகளுக்கு முன்பே, 1907 முதல் 1963 வரை, பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கக் கொச்சி சமஸ்தானம் போட்ட டிராம் பாதை இந்தக் காட்டுக்குள் ஓடியது. அதனால்தான் கைபடாத காடு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மரத்துக்காக முதலில் கைவைத்தோம், பிறகு தண்ணீருக்காக. ஒவ்வொரு முறையும் காடர்கள் ஆற்றங்கரையில் இன்னொரு இடம் தேடிப் போனார்கள். வாழச்சால் அப்படி அவர்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று. ஏழாவது அணை வந்தால் வாழச்சாலும் பொகலப்பாறை என்ற காடர் ஊரும் மறுபடி அசைய வேண்டும். 2014-ல் வன உரிமைச் சட்டத்தின் கீழ் வாழச்சால் பகுதியின் ஒன்பது காடர் ஊர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. அவர்களைக் கேட்காமல் அந்தக் காட்டில் ஒரு மரத்தைத் தொடக் கூடாது என்பது அன்றிலிருந்து வெறும் நியாயம் மட்டுமில்லை, சட்டமும்கூட.

அதிரப்பள்ளித் திட்டத்தின் விவரம் இது: 23 மீட்டர் உயரத்தில் ஓர் அணை, அதில் தேங்கும் தண்ணீரைச் சுமார் நாலே முக்கால் கிலோமீட்டர் சுரங்கம் வழியாக, அருவியைச் சுற்றிக்கொண்டு கண்ணங்குழி மின்நிலையத்துக்குக் கொண்டுபோவது, மொத்த நிறுவுதிறன் 163 மெகாவாட். ஏறக்குறைய 138 ஹெக்டேர் காடு தேவைப்படும். 'வெறும் 138 ஹெக்டேர்தானே' என்பது ஆதரவாளர்களின் முதல் வாதம். கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அது மலையுச்சிக் காடு இல்லை. தாழ்வான உயரத்தில் ஆற்றின் இரு கரையையும் ஒட்டி வளர்ந்த ஆற்றங்கரைக் காடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மிக வேகமாக அழிந்த காட்டு வகை இதுதான், ஏனென்றால் அணை, சாலை, தோட்டம் எல்லாம் முதலில் தேடி வருவது இந்த உயரத்தைத்தான். கேரளத்தில் காணப்படும் நான்கு வகை இருவாச்சிகளும் வாழச்சாலில் இருக்கின்றன. அவற்றில் பெரிய இருவாச்சி கேரளத்தின் மாநிலப் பறவை. ஒரு காலத்தில் பொந்திலிருந்து குஞ்சு எடுத்த காடர்களில் சிலர் இன்று வனத்துறையோடு சேர்ந்து அந்தக் கூடுகளுக்குக் காவல் நிற்கிறார்கள். ஆற்றுக்குள்ளே நூறு வகையை ஒட்டிய மீன்கள். 1999-ல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட, சாலக்குடியின் பெயரையே தாங்கிய செங்கோட்டு மீனும் அதில் ஒன்று.

இதையெல்லாம் சொன்னால் 'மின்சாரம் வேண்டாமா' என்று கேட்பார்கள். சரி, மின்சாரக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். திட்ட அறிக்கை சொன்ன ஆண்டு உற்பத்தி 23.3 கோடி யூனிட். இதை 163 மெகாவாட்டால் வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 1,430 மணி நேரம், அதாவது ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு மணி நேரம்கூட முழுத் திறனில் ஓடாது. கேரளத்தின் ஆண்டு மின்நுகர்வில் இது ஒரு சதவிகிதத்தைத் தொட்டால் அதிகம். மழைக்காலத்தில்தான் பெரும்பகுதி உற்பத்தி. கேரளத்துக்கு மின்சாரம் போதாமல் திண்டாடும் மார்ச், ஏப்ரலில் ஆற்றில் மேலணைகள் விடுகிற தண்ணீர்தான் உண்டு.

மின்வாரியத்தின் பதிலிலும் விஷயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கேரளம் தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. மாலை ஆறரை முதல் பத்தரை வரை வீட்டுக்கு வீடு விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஓடும்போது சந்தையில் யூனிட் விலை ஏறுகிறது. சூரிய ஒளி அந்த நேரத்துக்கு உதவாது. சில நிமிடங்களில் ஓட்டி, சில நிமிடங்களில் நிறுத்தக்கூடியது நீர்மின்நிலையம். அந்த நான்கு மணி நேரத்துக்காகவே இந்த அணை என்பது அவர்கள் வாதம். அருவிக்குத் தனியாக விநாடிக்கு 7.65 கன மீட்டர் விடுவோம், அருவி வற்றாது என்றும் உறுதி சொன்னார்கள்.

மாலை நேரத் தேவை உண்மைதான். ஆனால் அதைத் தீர்க்கப் புது ஆறு வேண்டியதில்லை என்பதற்கு இதே ஆனைமலையில் சாட்சி இருக்கிறது. காடம்பாறையில் 1987 முதல் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் ஓடுகிறது. மலைமேல் ஒரு நீர்த்தேக்கம், கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, பற்றாக்குறை நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். அதே தண்ணீர் மேலும் கீழும் போய் வருகிறது. இருக்கிற தேக்கங்களை இணைத்தே இப்படிச் செய்யக்கூடிய இடங்கள் கேரளத்திலும் உண்டு. பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில், 1980-களின் தாளில் வரைந்த அதிரப்பள்ளியைவிட இது புத்திசாலித்தனமான வழி. இதற்கும் காட்டில் விலை உண்டு; பார்த்துச் செய்ய வேண்டும். ஆனால் ஆற்றின் கடைசித் துண்டை விழுங்குகிற விலை இல்லை.

திட்டத்தின் சட்டக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998, 2005, 2007 என மூன்று முறை மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது. 2001-லும் 2006-லும் கேரள உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. மக்களிடம் ஒழுங்காகக் கருத்து கேட்கவில்லை, அறிக்கையை மக்கள் பார்க்க வைக்கவில்லை என்ற காரணங்களுக்காக. 2010-ல் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். 2011-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கான மாதவ் காட்கில் குழு கட்டவே கூடாது என்றது. 2013-ல் கஸ்தூரிரங்கன் குழு தண்ணீர்க் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துப் பரிசீலிக்கலாம் என்று பாதிக் கதவைத் திறந்து வைத்தது. 2020 ஜூனில் கேரள அரசு ஏழு ஆண்டுகளுக்கான தடையில்லாச் சான்று கொடுத்து எல்லோரையும் திடுக்கிட வைத்துவிட்டு, கருத்தொற்றுமை இல்லை என்று பின்னர் பின்வாங்கியது. காங்கிரஸ், கம்யூனிஸ்ட் என்ற வேறுபாடு இந்தக் கோப்புக்கு இல்லை. ஆளும்போது கட்ட ஆசை, எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஆற்றின் மேல் பாசம்.

இத்தனை முறை கிளம்பியும் அணை எழாததற்குக் காரணம் காடர்களும், கீழ்ப்பகுதி விவசாயிகளும், சாலக்குடி ஆற்றுப் பாதுகாப்பு இயக்கமும். அவர்களில் 2017-ல் மறைந்த லதா அனந்தாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அணை வேண்டாம் என்று கோஷம் போட்டதோடு அவர் நிற்கவில்லை. மேலே இருக்கிற அணைகள் எந்த நேரத்தில் எவ்வளவு திறக்கின்றன, அது கீழே தும்பூர்முழியில் என்ன செய்கிறது என்பதைத் தரவாகத் திரட்டிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மாலை மின்தேவைக்காகப் பெரிங்கல்குத்து ஓடும்போது ஆறு பெருகுகிறது, நின்றதும் வடிகிறது. தும்பூர்முழியை நம்பி ஏறக்குறைய 14,000 ஹெக்டேர் பாசனம் இருக்கிறது. இரவில் வரும் தண்ணீரைப் பிடித்துவைக்க அந்தச் சின்னத் தடுப்பணையால் முடியாது. கோடையில் ஓட்டம் குறைந்தால் கழிமுகத்தில் உப்பு மேலேறி வருகிறது. ஆற்றின் மேல் ஏழாவதாக ஒரு சுவர் எழுந்தால் என்ன ஆகும் என்பதோடு, ஏற்கெனவே இருக்கும் ஆறு அணைகளையும் எப்படி இயக்குவது என்பதுதான் அவருடைய கேள்வி. என் பார்வையில் இந்த விவாதம் முழுவதிலும் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அதுதான். அணைக்கு ஆதரவானவர், எதிரானவர் இருவரும் ஒரே காகிதத்தின் முன் உட்கார வேண்டிய கேள்வி.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தக் கேள்வி எத்தனை கனமானது என்று தெரிந்தது. பெரிங்கல்குத்து அணையின் மதகுகளை அடித்து வந்த மரங்கள் அடைத்துக்கொண்டன. வெள்ளம் அணைக்கு மேலேயே வழிந்து ஓடியது. சாலக்குடி நகரம் முங்கியது. அணைகள் வெள்ளத்தைத் தடுக்கும் என்பார்கள். காலியாக இருந்தால் தடுக்கும். பிஏபி ஒப்பந்தப்படி கேரளச் சோலையாறு அணையை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 1 அன்று முழுக் கொள்ளளவில் வைத்திருக்க வேண்டும். மின்உற்பத்திக்காகக் கேரளம் கேட்டு வாங்கிய நிபந்தனை அது. அன்றைய மழைக் கணக்கில் நியாயமானதுதான். ஆனால் ஆகஸ்டில் பேய்மழை கொட்டுவது இயல்பாகிவிட்ட இன்று, ஆகஸ்ட் கடைசிக்குள் அணையை நிரப்பு என்று எழுதிவைத்திருப்பது வெள்ளத்துக்கு வெற்றிலை பாக்கு வைப்பதுதான்.

கேரளத்தை நோக்கி இவ்வளவு பேசிவிட்டு, எங்கள் வீட்டு வாசலைப் பேசாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. பொள்ளாச்சி, உடுமலைத் தொகுதிகளில் எந்தத் தேர்தல் வந்தாலும் எல்லாக் கட்சிகளும் கொடுக்கும் வாக்குறுதி ஆனைமலையாறு – நல்லாறு திட்டம். ஆனைமலையாற்றில் அணை கட்டி 2.5 டிஎம்சியைத் திருப்பலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கேரளம் இடமலையாறு திட்டத்தை முடித்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. இன்னும் முடியவில்லை என்று அவர்கள் சொல்ல, முடிந்துவிட்டது என்று நாங்கள் சொல்ல, அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அதிரப்பள்ளி அணை வேண்டாம் என்று முகநூலில் படம் போடும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே, ஆனைமலையாறு என்றால் 'எங்க உரிமை' என்று நெஞ்சை நிமிர்த்துவதைப் பார்க்கிறேன். ஆனைமலையாறும் அதே மலை, அதே காடு. காட்டாற்று நியாயம் மாநில எல்லையில் நின்றுவிடுமா?

எழுத்தில் இருக்கிற உரிமை உரிமைதான். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அதிரப்பள்ளிக்கு வைத்த தராசில் இதையும் வைத்துப் பார்க்க வேண்டும். புதிதாக வரப்போகும் 2.5 டிஎம்சிக்கு முன்னால், ஏற்கெனவே வருகிற தண்ணீர் எங்கே போகிறது? காண்டூர் கால்வாயின் கசிவுக்கும் மண்சரிவுக்கும் கோடிக்கணக்கில் செலவழித்து வருகிறோம், வேலை முடிந்தபாடில்லை. பிரதான வாய்க்கால் ஓரத்தில் கிணறு வெட்டி, குழாய் போட்டு இழுக்கும் தண்ணீர்த் திருட்டைப் பற்றிக் கடைமடை விவசாயிகள் கொடுத்த புகார்கள் மூட்டை கணக்கில் இருக்கும். தென்னைக்கு இன்னமும் வாய்க்கால் திறந்து பாத்தி நிரப்பும் தோப்புகள் ஏராளம். ஒரு மதகு உடைந்து போன 6 டிஎம்சிக்கு அவ்வளவு வயிறெரிந்த நாங்கள், ஆண்டுதோறும் சத்தமில்லாமல் போகிற தண்ணீரை யாரும் அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்டதில்லை. இதைச் சொன்னால் ஊரில் என்னோடு கொஞ்சம் பேர் பேசாமல் போவார்கள். போகட்டும்.

உலகத்தில் ஆறுகளைத் திரும்ப அவிழ்த்துவிடும் காலம் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை 2024-க்குள் இடித்து முடித்தார்கள். சில வாரங்களில் சால்மன் மீன்கள் அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி மேலேறின. அல்பேனியா 2023-ல் வியோசா ஆற்றையே தேசியப் பூங்காவாக அறிவித்தது. அந்த உதாரணங்களை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. பரம்பிக்குளத்தை இடி என்று நான் எழுதினால் 3.77 லட்சம் ஏக்கர் என்னைக் கேள்வி கேட்கும், கேட்க வேண்டும். இடிக்க முடியாத அணைகளோடு வாழும் ஓர் ஊரால் செய்யக்கூடியது, அவற்றை ஓட்டும் முறையைத் திருத்துவது.

அதற்கான வாய்ப்பு காகிதத்திலேயே இருக்கிறது. 1970-ல் கையெழுத்தான பிஏபி ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யலாம் என்கிறது. முதல் முறை 1988-ல் வந்தது, அடுத்தது 2018-ல். 2019 செப்டம்பரில் இரு மாநில முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, இதற்கென்று அதிகாரிகள் குழுக்களையும் அமைத்தார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் தாளில் கேரளச் சோலையாற்றுக்கு 12.3 டிஎம்சி, மணக்கடவில் கேரளத்தின் சித்தூருக்கு 7.25 டிஎம்சி, தமிழ்நாட்டுக்கு மிச்சம் என்று எல்லோருக்கும் பங்கு உண்டு. பரம்பிக்குளம் அணைக்குக் கீழே ஆறு ஓடுவதற்கென்று ஒரு கன அடிகூட அதில் எழுதப்படவில்லை. மழைக்காலத்தில் அணை வழிந்தால் ஓடும், இல்லையென்றால் பாறை. தென்னை கருகினால் உயிர்த்தண்ணீர் கேட்டு மனு கொடுக்கத் தெரிந்த நாங்கள், அந்தத் தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்: கோடை மாதங்களில் பரம்பிக்குளத்திலிருந்து கீழே இவ்வளவு, பெரிங்கல்குத்திலிருந்து பகலிலும் இரவிலும் இவ்வளவு, செப்டம்பர் 1-க்குப் பதிலாக மழையைப் பார்த்து முடிவாகும் ஒரு தேதி. மணக்கடவில் நீரளவைப் பதிவு செய்வதுபோலத் தும்பூர்முழியிலும் நாள்தோறும் அளந்து, இரு மாநில மக்களும் பார்க்கும்படி வெளியிடவும் சொல்லலாம். அதற்குத் தமிழ்நாட்டுப் பங்கிலிருந்து கொஞ்சம் போகும் என்றால், எவ்வளவு போகும் என்பதைக் கணக்கிட்டு முதலில் பொள்ளாச்சியில் விவசாயிகளைக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தின் அடுத்த மறுஆய்வு 2048-ல்தான். அதிரப்பள்ளிக்குக் கேரளம் கொடுத்த தடையில்லாச் சான்றின் ஏழாண்டுக் கெடு 2027-ல் முடிகிறது.